எஸ்இலினக்ஸை அணைக்காதீர்கள்

"எஸ்இலினக்ஸ் ஒரே தொல்லை, முதல் வேலையா அதை அணைச்சிடு." வெப் சர்வர் அமைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள காவல் அமைப்பான எஸ்இலினக்ஸைப் பற்றி சீனியர்கள் சொல்லித்தரும் பாடம் இது. ஃபயர்வால் இருக்கிறது, லினக்ஸுக்கு வைரஸ் வராது, அப்புறம் இது எதற்கு என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் தவறு. அதன் விலையைக் கொடுப்பவர்கள் சர்வர் பக்கமே போகாதவர்கள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, பிள்ளையின் சாதிச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்குப் போகிறது. ஆதார், குடும்ப அட்டை, பெற்றோரின் சான்று எல்லாம் ஸ்கேன் ஆகி ஏதோ ஒரு சர்வருக்குப் போய்ச் சேர்கின்றன. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானதால் ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் ஆவணங்களைக் காக்க வேண்டிய இடம் இப்போது அந்த சர்வர்தான். கசிந்த ஆவணத்தை எந்த அலுவலகமும் திரும்ப வாங்கித் தர முடியாது.

அந்த விண்ணப்பம் நகரும் விதத்தைப் பாருங்கள். மையத்தில் இருப்பவர் பதிவேற்றலாம், சான்று தர முடியாது. பழங்குடியினர் சான்றைத் தருவது கோட்டாட்சியர். மையத்துக்காரர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே எழுவதில்லை. அவர் வேலைக்கு வேண்டிய அதிகாரம் மட்டுமே அவரிடம் இருக்கிறது. எஸ்இலினக்ஸின் கட்டாய அணுகல் கட்டுப்பாடு வெப் சேவைக்கு விதிப்பதும் இதையே. லினக்ஸின் வழக்கமான முறையில் கோப்பின் உரிமையாளர் நினைத்தால் யாருக்கும் திறந்துவிடலாம். ரூட்டைத் தடுக்க ஆளே இல்லை. எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு புரோசஸுக்கும் கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு. எது எதைத் தொடலாம் என்று கெர்னலே பார்க்கிறது. கொள்கையில் இல்லாததை, ரூட்டாக ஓடினாலும் வெப் சேவையான அப்பாச்சி செய்ய முடியாது.

ஃபயர்வால் போதாதா? 2017-இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வெப் மென்பொருளின் ஓட்டை வழியாக 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடப்பட்டன. தாக்குதல் வந்தது வெப் கோரிக்கை வடிவில். பொதுமக்களுக்காகத் திறந்துவைத்த போர்ட்டை ஃபயர்வால் எப்படி மூடும்?

தொல்லை என்கிறார்களே, அதையும் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒருவர் தன் ஹோம் டைரக்டரியில் ஏற்றிய கோப்புகளை 'எம்வி' கட்டளையால் வெப் டைரக்டரிக்கு நகர்த்துகிறார். தளம் 403 காட்டுகிறது. 777 கொடுத்துப் பார்க்கிறார், பலனில்லை. எஸ்இலினக்ஸின் தடையை நீக்க 'செட்என்ஃபோர்ஸ் 0' அடிக்கிறார், தளம் வந்துவிடுகிறது. "பாத்தியா, எஸ்இலினக்ஸ்தான் பிரச்சினை!" உண்மையில் நடந்தது வேறு. 'எம்வி' பழைய லேபிளையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. அப்பாச்சி ஒருவரின் சொந்தக் கோப்புகளைப் படிக்க முயல்கிறது என்று கெர்னல் தடுத்தது. அதன் வேலையே அதுதானே! ஆடிட் லாகில் காரணம் எழுதியே இருக்கிறது. 'ரெஸ்டோர்கான்' என்ற ஒரே கட்டளை லேபிளைத் திருத்திவிடும். அப்படியும் பிடிபடவில்லை என்றால் அப்பாச்சியின் டொமைனை மட்டும் சில நாள், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் பெர்மிஸிவ் நிலையில் வைத்து லாகைப் படிக்கலாம். இத்தனை வழி இருக்க, மொத்த சர்வரின் காவலையும் எடுத்துவிடுவதை நான் சோம்பல் என்றே சொல்வேன்.

இது சாமானியருக்கு ஒத்துவராத நுட்பமும் அல்ல. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் எஸ்இலினக்ஸ் முழுமையாக அமலில் இருக்கிறது. வெள்ளிமலைச் சந்தையில் ஒருவர் கையிலிருக்கும் மலிவான ஆண்ட்ராய்டு போனிலும் அது ஓடுகிறது. அவரது ஆவணங்களை வைத்திருக்கும் சர்வரில் அணைத்துவைக்க என்ன நியாயம்?

எல்லாத் திருட்டையும் இது தடுத்துவிடாது. தரவுத்தளத்தைப் படிக்க வெப் சேவைக்கு அனுமதி இருந்தால், எஸ்க்யூஎல் ஊடுருவல் அதே வழியில் படிக்கும். நிரலில் உள்ள ஓட்டையை நிரலில்தான் அடைக்க வேண்டும். ஆனால் புகுந்தவன் சர்வர் முழுக்க உலாவாமல் தடுப்பது சின்னக் காரியமில்லை.

அரசு அலுவலகமோ, கூட்டுறவுச் சங்கமோ, கல்லூரியோ, இணையதளம் செய்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வரை ஒப்படைக்கும் நாளில் 'கெட்என்ஃபோர்ஸ்' கட்டளையை உங்கள் கண்முன்னே அடிக்கச் சொல்லுங்கள். உபுண்டு என்றால், எஸ்இலினக்ஸுக்குப் பதில் அதிலுள்ள ஆப்ஆர்மரில் வெப் சேவைக்கான புரொஃபைல் அமலில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். 'என்ஃபோர்சிங்' என்று வராவிட்டாலோ, புரொஃபைல் அமலில் இல்லாவிட்டாலோ பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.