ஆறு பெண் எலிகள்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் இன்பால் பென்-அமி பார்டல், ஜீன் டிசெட்டி, பெக்கி மேசன் ஆகிய மூவரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு எலியைக் குறுகிய பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்து, அதன் கூண்டுத் துணையை வெளியே விட்டார்கள். வெளியிலிருந்துதான் கதவைத் திறக்க முடியும். பயிற்சி கிடையாது, பரிசும் கிடையாது. சில நாள்களிலேயே பெரும்பாலான எலிகள் திறக்கக் கற்றுக்கொண்டன. பக்கத்தில் சாக்லேட் வைத்தாலும் துணையை விடுவித்தன, சாக்லேட்டில் பங்கும் விட்டுவைத்தன. (அடைத்தவர்களே எழுதிய கட்டுரை என்பதையும் சேர்த்தே வாசிக்கிறேன்.)

ஆண் எலிகள் 24இல் 17 திறந்தன. பெண் எலிகள் ஆறு, ஆறுமே திறந்தன.

கொல்லிமலையில் நான் விலங்கியல் நடத்தும் பள்ளியின் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். “பார்த்தீங்களா டீச்சர், எலியிலகூட பொம்பளைக்குத்தான் மனசு” என்றார் ஒரு சக ஆசிரியர். பாராட்டுகிறாராம்! மாமனார் படுத்தால் மருமகள்தான் லீவு போட வேண்டும் என்பது அந்தப் பாராட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆறே ஆறு எலிகளை வைத்துப் பெண்குலத்தின் சுபாவத்தை எழுதிவிடலாமா?

இந்த மலையில் சாமை விளைகிறது. அதை உரலில் குத்தி உமி போக்குவது தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வேலை. கை காய்த்துப் போகும் வேலை. அதையும் பாசம், பொறுப்பு என்றுதான் சொன்னார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்த பிறகுதான், அது இயந்திரம் செய்யக்கூடிய வெறும் உழைப்பு என்று ஊருக்குத் தெரிந்தது.

அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வை ஆசிரியர் அறையில் யாரும் கேட்கத் தயாராக இல்லை. வெள்ளை எலிக்குட்டிகளைப் பிறந்தவுடன் வேறு இனத்துக் கறுப்புத்தலை எலிகளோடு வளர்த்தார்கள். வளர்ந்தபின் அவை முன்பின் தெரியாத கறுப்புத்தலை எலியை விடுவித்தன. தன் இனத்து வெள்ளை எலியை விடுவிக்கவில்லை. யாரோடு வாழ்ந்தோம் என்பதுதான் கதவைத் திறந்தது, ரத்தம் திறக்கவில்லை. சாதிக்குள்ளேயே பெண் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

2016இல் இன்னொன்று. பதற்றத்தைத் தணிக்கும் மிடசோலம் மருந்தைச் செலுத்தினார்கள். அந்த எலிகள் அடைபட்ட துணையைத் திறந்துவிடவில்லை. அதே குழாய்க்குள் சாக்லேட் இருந்தால் திறந்தன. கதவைத் திறக்கும் திறமை அப்படியே இருந்தது; அடுத்தவர் தவிப்பு மட்டும் உறைக்கவில்லை.

சமையலறையில் சோறு பொங்கி வழிகிறது, தொட்டிலில் குழந்தை கத்துகிறது, கூடத்தில் செல்போனோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்த மருந்தைச் சின்ன வயதிலிருந்தே யார் கொடுத்தது? “நீ போய்ப் படிடா கண்ணு, அக்கா பார்த்துக்குவா.” என் வகுப்பில் இருக்கும் அக்காக்கள் வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிறார்கள்.