ஓய்வு நாளை யார் குறிப்பது?

“எப்போது விலகுவதென்று அவரே முடிவு செய்யட்டும்.” அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதுபெரும் பயிற்சியாளர்களைப் பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும் இவ்வாதம் தலைகாட்டுகிறது. மரியாதை போல் ஒலிக்கும் இது, நிர்வாகம் தன் கடமையைக் கைகழுவும் வழியே.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜோ பட்டர்னோ 1966 முதல் தலைமைப் பயிற்சியாளர். 2004 வரையிலான ஐந்து பருவங்களில் நான்கில் தோல்விகளே மிகுதி. பல்கலைக்கழகத் தலைவரே அவர் வீட்டுக்குச் சென்று விலகச் சொன்னார், 77 வயது பட்டர்னோ மறுத்தார், வந்தவர்கள் திரும்பினர். ஊழியரை நீக்க அஞ்சும் முதலாளி! மறு ஆண்டு 11 வெற்றி, ஒரே தோல்வி. அவ்வெற்றி கேள்வியையே புதைத்தது. ஆனால் கேள்வி ஆட்டக் கணக்கைப் பற்றியதன்று. அவரை மறுத்துப் பேச வளாகத்தில் எவரேனும் இருந்தார்களா என்பதே. முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவனிடம் தகாது நடந்ததாக 2001இலேயே பட்டர்னோவின் காதுக்கு எட்டியது. அவர் மேலதிகாரிகளிடம் சொன்னார். காவல்துறைக்கு எவரும் சொல்லவில்லை. 2011இல் வழக்கு வெடித்ததும், 84 வயதில், தொலைபேசியில் பதவிநீக்கம்.

ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகமோ 2007இலேயே பாபி பௌடனின் வாரிசை அறிவித்துவிட்டது. 80 வயதில் பௌடன் மனமுவந்தா விலகினார்? இல்லை. ஆயினும் 2010 ஜனவரி முதல் நாளில், தம் இறுதி ஆட்டத்தை வென்றே வெளியேறினார்.