பரப்புக் காணியும் வானத்துக் கண்ணும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் தன் நிலத்தைப் பரப்பிற் கூறுவான். பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். அஃதாவது ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இக்கணக்கை வாசகர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பூமியைப் படமெடுக்கும் செய்மதிகள் பற்றி நாம் எடுத்துரைக்கும் வழக்கு முழுவதும் இதிலேயே தங்கியுள்ளது.

ஐரோப்பியரின் சென்ரினல்-2 செய்மதிகள் 2015 முதல் எடுத்துவரும் படங்கள் எவர்க்கும் இலவசம். ஆயின் அப்படத்தின் ஒரு புள்ளி, நிலத்திற் பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் கொண்டது. ஒரு பரப்புத் தோட்டம் அதில் இரண்டரைப் புள்ளியாய் ஒடுங்கிவிடும். வேலியும் ஒழுங்கையும் அயற்காணியும் அதனுட் கலந்துவிடும். ஆயிரம் ஏக்கர்ப் பண்ணையாளனுக்கு அது போதும். வெங்காயமும் மிளகாயும் நடும் நம் கமக்காரனுக்கு?

இக்குறையைத் தீர்க்கவல்லவை சிறுசெய்மதிகளே. 1999 இல் கலிபோர்ணியாவிற் பேராசிரியர் இருவர் மாணவரின் பயிற்சிக்கென வகுத்தது, பக்கத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றரான கனசதுரம். அத்தகைய மூன்றை அடுக்கினாற் போன்ற பெட்டிகளைப் பிளனெற் என்னும் அமெரிக்கக் கம்பனி வானிற் பரப்பிற்று. 2017 பெப்ரவரி 15 ஆம் நாள் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஒரே ஏவுகலத்தில் எழுந்த 104 செய்மதிகளில் 88 அக்கம்பனியுடையவை. அவற்றின் புள்ளி மூன்று மீற்றர் அளவினது. நமது ஒரு பரப்பு அங்கே 28 புள்ளிகளாய் விரிகின்றது. அதுவும் ஏறக்குறைய நாள்தோறும். பயிர் வாடும் மூலை எது, நீர் தேங்கும் மூலை எது என்று பிரித்தறியலாம். மாரி முகிலினூடே இக்கண் பாராது என்பதையும் நாம் மறைக்கவில்லை. அதற்கு ராடார்ச் செய்மதி வேண்டும்.

ஆனால் இப்படம் விலைக்கு! பெருநிலக்காரனுக்குப் போதிய படம் இலவசம். சிறுநிலக்காரனுக்கு வேண்டிய படம் காசுக்கு. இது நீதியா? கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்கும் வணிகன் அதனை வாங்கி, எந்த ஊரில் எவ்வளவு நடப்பட்டது என்று முன்கூட்டியே அறிந்துகொண்டால், சந்தையில் விலை பேசும்போது எவன் கை ஓங்கும்? நடுகை எம்முடையது, அதன் கணக்கு மட்டும் அவனுடையதா?

வரலாறு ஒன்று கூறுவோம். அமெரிக்கரின் லான்சற் படங்கள் 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வணிகச் சரக்காயின. விலை ஆயிரக்கணக்கான டொலரைத் தொட்டது, வாங்குவோர் குன்றினர். 2008 இல் அவை இலவசமாக்கப்பட்டன. நாளொன்றுக்கு ஐம்பது அளவில் விலைபோனவை, பின்னர் ஆயிரக்கணக்கில் எடுத்தாளப்பட்டன.

நமது அரசினர் 2019 யூன் 17 இல் இராவணா-1 விண்ணில் விடப்பட்டபோது பெருமை கொண்டாடினர். யப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்நாட்டுப் பொறியியலாளர் இருவர் ஆக்கிய, ஏறத்தாழ ஒரு கிலோ நிறையான கோள் அது. அவர்தம் உழைப்பை நாமும் பாராட்டுகின்றோம். எனினும் அது பயிற்சிக்கென அமைந்தது. பயிர் அளக்க அமைந்ததன்று.

நாம் கேட்பது வேறு. கமக்காரன் தனித்தனியே வாங்கமுடியாத படத்தை அரசினர் நாட்டுக்கென ஒருமுறையில் வாங்கலாம். வெப்பமண்டல வனங்களைக் காக்க நோர்வே அரசு 2020 இல் இவ்வாறே செலவிட்டுப் படங்களைப் பொதுவாக்கிற்று. அப்படங்கள் கமநல சேவை நிலையங்களில், ஊர்ப்பெயரோடு, தமிழ் விளக்கத்தோடு கிடைத்தல் வேண்டும். எங்கே தொடங்குவது என்போர்க்கு நம் விடை: பரப்புக் கணக்கிலுள்ள தோட்டங்களிற் தொடங்குக. அகன்ற வயல்வெளிகளுக்கு இலவசப் படம் இப்போதைக்கு ஓரளவு உதவும்.