வானதூதர்களின் பங்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அப்பால் ஏரிக்கரைப் பக்கம் எழுந்துள்ள ஓர் அடுக்ககத்தில் புதுவீடு மந்திரிப்பதற்காக, சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை போயிருந்தேன். செபம் முடிந்தது. அறைதோறும் தீர்த்தம் தெளித்தாயிற்று. பெண்களும் பிள்ளைகளும் உண்டு முடித்துக் கீழே பூங்காவுக்குச் சென்ற பின் வீட்டுக்காரர் என்னைத் தடுத்து நிறுத்தினார். “கொஞ்ச நேரம் இருங்க ஃபாதர், எங்க ரசனையையும் பாத்துட்டுப் போங்க” என்றார். இருந்தேன். இந்தக் கட்டுரை தொடுக்கும் வழக்கு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதில் நானும் ஒரு குற்றவாளி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மேசையைச் சுற்றி எட்டுப் பேர். அவர்களுள் ஐவர் நம் பங்கைச் சேர்ந்தவர்கள். மூவர் பங்குப் பேரவை உறுப்பினர்கள். மேசைமேல் ஐந்து பாட்டில்கள், பெயர் தெரியாதபடி செய்தித்தாள் சுற்றப்பட்டு, எண்ணிடப்பட்டு நின்றன. அடி பருத்து வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கிண்ணங்கள்; தண்ணீர் சொட்டவிட ஒரு சொட்டுக்குழல்; ஒவ்வொருவர் முன்னும் ஒரு நோட்டு. ஒரு பாட்டிலுக்குப் பதினைந்து மில்லி, அதற்கு மேல் இல்லை. விளக்குக்கு நேரே பிடித்து நிறம் பார்க்கிறார்கள், வாய் திறந்தபடி முகர்கிறார்கள், ஒரு மிடறு நாவில் உருட்டி விழுங்குகிறார்கள், பிறகு எழுதுகிறார்கள். வனிலா, வெல்லப்பாகு, வறுத்த கடலை. ஒருவர் ‘பழைய தோல்செருப்பு’ என்று எழுதியிருந்தார். அதைக் குறையாக அல்ல, நிறைவாக.

அன்று அவர்கள் ஒப்பிட்டது பூர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி. எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள். அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் தீயிட்டுக் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும். நிறம் சேர்க்கக் கூடாது. அது அமெரிக்காவுக்கே உரிய தனித்த பொருள் என்று அந்நாட்டுக் காங்கிரசு 1964இல் தீர்மானமே இயற்றியிருக்கிறது. பொன்னிறமும் வனிலா மணமும் சோளத்திலிருந்து வருவன அல்ல, கருகிய மரத்திலிருந்து வருவன. பூர்பனுக்கு ஒரு முறை பயன்பட்ட பீப்பாய் மறுமுறை அதற்கு ஆகாது என்பதால், அது ஸ்காட்லாந்துக்கும் நம் பெங்களூருக்கும் பயணப்படுகிறது. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் ஒற்றை மால்ட் விஸ்கியை 2004இல் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்த கதையை அவர்கள் சொன்னபோது, அதில் ஒரு தேசப்பற்றே தொனித்தது. 2025 பிப்ரவரியில் இந்திய அரசு பூர்பனுக்கான இறக்குமதி வரியை 150 விழுக்காட்டிலிருந்து 100 ஆகக் குறைத்ததையும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது வேறொன்று. பீப்பாயில் கிடக்கும் ஆண்டுகளில் மதுவில் ஒரு பகுதி மரத்தின் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது. ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. பெங்களூரின் வெப்பத்தில் 10க்கும் மேல். அப்படிப் போவதை ‘வானதூதர்களின் பங்கு’ என்கிறார்களாம். “பங்குன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணுமா ஃபாதர்!” என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். மூன்றாம் எண் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்கள். முகர்ந்தேன்; ஒரு மிடறு குடித்தேன். “வனிலா” என்றேன். கைதட்டினார்கள். முப்பதாண்டுக் குருத்துவ வாழ்வில் என் மறையுரைக்கு ஒருவரும் கைதட்டியதில்லை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். அங்கே தொட்டியருகே நின்று கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அடுக்ககத்தின் காவலாளி. நம் பங்கின் மகன். ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். குடி அவர் விரல்களின் நடுக்கத்தை அதிகமாக்கி அந்த வேலையைப் பறித்துக்கொண்டது. குடியிலிருந்து மீண்டவர்கள் பெயர் சொல்லாமல் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்குத் தவறாமல் போய், ஏழு ஆண்டுகளாக ஒரு சொட்டும் தொடாமல் இருப்பவர். வீட்டு வேலைக்கு வரும் அம்மா அன்று வரவில்லை. ஆகவே இவரை மேலே அழைத்திருக்கிறார்கள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கையை மட்டும் குழாயடியில் நீட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். “வாசனை தூக்குது ஃபாதர்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்தும் அந்த வாசனை வந்ததா என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் அவரே வந்து, அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் ஏ.ஏ. நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் விடியும்வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. அவருடைய இசைவோடுதான் எழுதுகிறேன்.

பீப்பாயிலிருந்து காற்றில் போகும் பங்கு யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை அந்தத் தொட்டியருகேதான் கண்டேன்.

இதைப் பற்றி அந்த எட்டுப் பேரில் சிலரிடம் பின்னர் பேசினேன். அவர்கள் தரப்பையும் மறைக்காமல் வைப்பதே முறை. நாங்கள் குடிப்பதில்லை, சுவைக்கிறோம் என்றனர். இதுவரை எங்களுள் ஒருவரும் தள்ளாடியதில்லை என்றனர், உண்மை. மதுவைச் சபிப்பது நம் மரபன்று, துறவியர் மடங்களிலேயே மது வடித்திருக்கிறார்கள் என்றனர், அதுவும் உண்மை. பூர்பனே கத்தோலிக்கரின் பானம் என்று ஒருவர் வாதிட்டார். 1785இல் மேரிலாந்திலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்களைக் கென்டக்கிக்கு நடத்திச் சென்ற பேசில் ஹேடனின் பெயரில் இன்று ஒரு பூர்பன் விற்கிறது. அந்த நாட்டுப்புறத்தின் நடுவில் உள்ள பார்ட்ஸ்டவுன் 1808இலேயே மறைமாவட்டமாயிற்று. அதன் அருகிலுள்ள கெத்செமனி மடத்துத் துறவியர் பூர்பன் கலந்த இனிப்பு செய்து விற்கிறார்கள். எல்லாம் சரிதான். நானும் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். அந்த மடத்துத் துறவியான தாமஸ் மெர்டன் 1968 நவம்பரில் சென்னைக்கு வந்தபோது நம் பரங்கிமலைக்கும் வந்து போனார். அவர் தேடிவந்தது தோமையாரை.

வீட்டுக்காரர் கடைசியில் சொன்னதுதான் என்னை மடக்கியது. “எங்கப்பா குடிச்சே செத்தவரு ஃபாதர். வீட்டுல பாட்டிலைப் பாத்தாலே எனக்கு நடுங்கும். இப்ப அதை அளந்து, முகந்து, பேர் வெச்சு எழுதி, திருப்பி மூடி வைக்க முடியுது. இதுல தப்பென்ன?” அவருடைய தந்தையும் தொழிற்பேட்டைத் தொழிலாளிதான், இரண்டாம் ஷிப்டு முடிந்து வீடு திரும்பாத இரவுகள் பல. இந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்றும் அவர் குடிக்கும் பதினைந்து மில்லியைக் குறித்து எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு சொற்களைக் குறித்தது. இதே நண்பர்கள் பங்குப் பேரவையில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கு அருகிலுள்ள டாஸ்மாக் கடையை அகற்றக் கோரும் மனுவை எழுதியவர் இவர்களுள் ஒருவர். மனு நியாயமானது, நானும் கையொப்பமிட்டேன். ஆனால் அதில் அந்தக் கடையில் நிற்பவனுக்கு என்ன பெயர்? குடிகாரன், தொல்லை, சமூகக் கேடு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” என்ற குரல் நம் பேரவையிலும் எழுந்தது. யார் குரல் என்று சொல்ல மாட்டேன். அவர் நோட்டில் அன்று மூன்றாம் எண்ணுக்கு நேரே ‘நீண்ட, இதமான முடிவு’ என்று எழுதியிருந்தது. விழுங்கிய பின்னும் நாவில் நிற்கும் சுவைக்கு அந்த வட்டாரத்தில் அதுதான் பெயராம். கருணாபுரத்துக்காரனின் முடிவுக்கு நம்மிடம் வைத்திருந்த சொல் வசை ஒன்றுதான்.

இது புதிய பழக்கமன்று. 1937 அக்டோபர் முதல் நாள் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதையும் தழுவி, 1971வரை நடந்தது. அந்நாள்களில் மருத்துவச் சான்று காட்டி ‘பர்மிட்’ பெற்றுக் குடித்த வசதியுள்ளோரைப் பெரியவர்கள் அறிவார்கள். கள் இறக்கியவனும் சாராயம் குடித்தவனும் காவல் நிலையத்தில். பர்மிட்காரர் தம் வீட்டுக் கூடத்தில். அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மது தடைசெய்யப்பட்டிருந்தபோது, மருத்துவரின் சீட்டு இருந்தால் மருந்துக்கடையிலேயே விஸ்கி கிடைத்தது. இன்று தமிழகத்தில் சீட்டு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில்லறை விற்பனையும் அரசின் கையில். 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அதனால் வருவாய். ஆயினும் இரண்டு வாசல்கள் இருக்கவே செய்கின்றன. ஒன்றில் இரும்புக் கம்பிக்கிடையே கை நீட்டி, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அதே நிறுவனம் ‘எலைட்’ என்ற பெயரில் நடத்தும் மற்றொன்றிலே உள்ளே உலவி, பாட்டிலைத் திருப்பிப் பார்த்து எடுக்கலாம். ‘ரசனை’ என்பது இன்றைய பர்மிட். அதை எழுதிக் கொடுக்கும் மருத்துவரும் நாமே, பெறுபவரும் நாமே.

கானா ஊர்த் திருமணத்தை எனக்கு எடுத்துக்காட்டினார்களே, அந்தப் பகுதியை இன்னொரு முறை வாசிக்கக் கேட்கிறேன். மதுவைச் சுவைத்து, நல்லது எது, தாழ்ந்தது எது என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஒருவர் அங்கேயும் உண்டு: பந்தி மேற்பார்வையாளர். அவருடைய நாக்கு பிழை செய்யவில்லை. ஆனால் அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. தண்ணீர் சுமந்து ஊற்றிய பணியாளருக்குத்தான் தெரியும் என்று யோவான் தனியே குறித்து வைக்கிறார். குருமடத்தில் இதைப் படித்தேன். பலமுறை மறையுரையும் ஆற்றியிருக்கிறேன். சமையலறைத் தொட்டியருகே நின்றபோதுதான் இது எனக்கு உறைத்தது.

புனித தாமஸ் அக்குவினாஸ் மது அருந்துவது தன்னிலே பாவமன்று என்கிறார். ஆனால் மூன்று வழிகளில் அது தவறாகலாம் என்றும் சொல்கிறார்: குடிப்பவர் அதைத் தாங்க இயலாதவராகவோ, குடிப்பதில்லை என வாக்குக் கொடுத்தவராகவோ இருந்தால், அளவு மீறினால், பிறருக்கு இடறலானால். முதல் இரண்டிலும் நம் நண்பர்கள் தேறிவிட்டார்கள். மூன்றாவது அவர்கள் வீட்டுத் தொட்டியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தது. கொரிந்துத் திருச்சபையைப் பவுலடியார் கடிந்துகொண்டதும் மது இருந்ததற்காக அன்று; வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்டு குடிக்க, உழைத்துவிட்டுப் பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்களே, அதற்காக.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. அதில் திருச்சபை சமரசம் செய்ததில்லை. அப்படியிருந்தும், குடிநோயால் தாக்குண்ட குரு ஒருவர் ஆயரின் அனுமதியோடு ‘முஸ்தும்’ என்னும், நொதித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டு பலி நிறைவேற்றலாம். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003 ஜூலையில் அனுப்பிய சுற்றுமடலில் இது தெளிவாக உள்ளது. பீடத்தின் கிண்ணமே ஒரு பலவீனனுக்காக இவ்வளவு இறங்கி வருமானால், உங்கள் உணவு மேசை எவ்வளவு இறங்கி வரலாம் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.

மூடிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் வேறொரு வீட்டில் கூடுவீர்கள். உங்கள் கிண்ணங்களை நீங்களே கழுவுங்கள். பிள்ளைகள் பார்க்கும் அலமாரியில் திருக்குடும்பப் படத்துக்குக் கீழே பாட்டில்களை வரிசையாக அடுக்காதீர்கள். டாஸ்மாக் வாசலில் கிடப்பவனைப் பற்றிப் பேரவையில் பேசும்போது, உங்களுக்கு நீங்கள் சூட்டிக்கொண்ட சொற்களில் ஒன்றையாவது அவனுக்கும் தாருங்கள். அல்லது அவனுக்குத் தரும் சொல்லை ஒரு நாளாவது நீங்களும் சுமந்து பாருங்கள். மாதம் ஒரு முறை உங்கள் தெருவில் கூடும் அன்பியத்துக்கு ஆண்கள் மூவர்கூட வருவதில்லை. உங்கள் இரண்டாம் சனிக்கிழமைக்கோ எட்டுக்கு எட்டு. இந்தக் கணக்கை நான் வேண்டுமென்றே இங்கே எழுதுகிறேன்.

கிறிஸ்துமசுக்கு அவர்கள் கொடுத்த பூர்பன் பாட்டில் ஒன்று ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கும் அலமாரியில் மூன்று மாதமாகக் கிடந்தது. வாங்கியபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை. விலையுயர்ந்தது என்ற ஒரு சபலமும் இருந்தது. போன வாரம் அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் மூடியைத் தடவிப் பார்த்தார். “திறக்கவே இல்லையே ஃபாதர்” என்றார். அவருக்கு வருத்தம்தான். வாசலில் காவலாளி எழுந்து நின்று கும்பிட்டார், அவருடைய ஏ.ஏ. குழுவுக்குக் கூட இடமில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். நம் பங்கு மன்றத்தின் மாடியறை இரண்டாம் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. நாளும் நேரமும் உங்களுடையதோடு மோதுவது தற்செயலன்று. எட்டுப் பேரும் இதற்கு மறுப்பு எழுதலாம். அடுத்த இதழில் இதே பக்கத்தில் இடம் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.