விரைவுப் பட்டமும் 900 மணி நேரமும்

கடந்த மாதம் எங்கள் புலனக் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. 'சமூகப்பணியில் முதுகலை. ஒரே ஆண்டில். முழுக்க இயங்கலையில். வேலையை விட வேண்டாம், வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம்.' கீழே பட்டமளிப்பு அங்கியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தார். அதை அனுப்பிய தம்பி எங்கள் இயக்கத்தில் ஐந்து ஆண்டுகளாக ஓடியாடி வேலை செய்பவர். 'அக்கா, நீங்க ஏற்கனவே முடிச்சிட்டீங்க. நானும் சேரலாமா?' என்று கேட்டிருந்தார்.

இரண்டு நாள் நான் பதில் போடவில்லை. புலனத்தில் இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

ஆமாம், அப்படி ஒரு பட்டம் என்னிடமும் இருக்கிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துப் படித்தேன். பகலில் வேலை, இரவில் மடிக்கணினி. பதினான்கு மாதங்களில் முடிந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. பாடங்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல கட்டுரைகளைப் படித்தேன், நல்ல விரிவுரையாளர்களைக் கேட்டேன். ஆனால் களப்பயிற்சி என்ற பெயரில் நடந்தது இதுதான்: நான் ஏற்கனவே இருந்த இயக்கத்தையே களமாகக் காட்டினேன். தலைவர் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். நான் ஓர் அனுபவ அறிக்கை எழுதினேன். நான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது பக்கத்தில் நின்று, 'இப்ப பேசாத, கேளு' என்று சொல்ல ஒருவரும் இல்லை.

படிப்பு முடிந்த ஐந்தாவது மாதம் அந்தச் சிறுமியின் விஷயம் வந்தது. வயது பதினொன்று. வார இறுதி டியூஷன் வகுப்பில் பிள்ளை ஒரு மாதிரியாக இருப்பதாக ஆசிரியை சொன்னார். நான் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பிள்ளையிடம் கேட்டேன். மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். மூன்றாம் முறை பேர் சொல்லியே கேட்டேன். 'அவர்தானே? பயப்படாத, சொல்லு.' பிள்ளை தலையாட்டினாள். நான் கைப்பேசியில் பதிவு செய்தேன். பெரிய வேலை செய்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு, அதற்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரி கேட்டபோது அவள் சொன்னது, 'ஒன்னும் இல்ல.' அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. சில வாரங்களில் அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. அவள் இப்போது எங்கே படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

சமூக நல இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. 'நீங்க எத்தன தடவ கேட்டீங்க?' என்று மட்டும் கேட்டார். பிள்ளையைத் துருவிக் கேட்கக் கூடாது, பதிலை நாமே வாயில் ஊட்டக் கூடாது, அவள் சொன்ன வார்த்தையை அப்படியே குறித்துக்கொண்டு உடனே 15999 தாலியான் காசேவுக்கு அழைக்க வேண்டும், மற்றதை அதற்குரியவர்கள் கேட்பார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கொடுமை என்னவென்றால், இதெல்லாம் எனக்குத் தெரியும். குழந்தைகளிடம் விசாரிப்பது பற்றி நான் எழுதிய இடுபணிக்கு 'ஏ' கிடைத்தது.

எனக்குத் தெரிந்திருந்தது, செய்யப் பழகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் அந்த விளம்பரம் மறைக்கிறது.

'உலகம் முழுக்க இப்படித்தான் படிக்கிறார்கள்' என்று சொல்பவர்கள் உண்டு. சரி, இந்த விரைவுப் பட்டங்கள் பெருகியிருக்கும் அமெரிக்காவையே பார்ப்போம். அங்கே சமூகப்பணி முதுகலைக்கு வழக்கமாக இரண்டு ஆண்டு. ஒரு வருடத்தில் முடிக்கும் வழி யாருக்கு? அங்கீகாரம் பெற்ற இளங்கலைச் சமூகப்பணியை ஏற்கனவே முடித்தவர்களுக்கு. அவர்கள் அந்த இளங்கலையிலேயே குறைந்தது 400 மணி நேரம் களத்தில் நின்றவர்கள். படித்ததையே திரும்பப் படிக்க வேண்டாம் என்பதால்தான் காலம் குறைகிறது. முதுகலைக்கு அங்குள்ள சமூகப்பணிக் கல்வி மன்றம் விதித்திருக்கும் களப்பயிற்சி குறைந்தது 900 மணி நேரம். இயங்கலையில் படித்தாலும் இந்த விதி மாறாது. விரிவுரையைச் சமையலறையில் உட்கார்ந்து கேட்கலாம். களத்துக்கு மாணவர் வழக்கமாகத் தன் ஊரில் உள்ள மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ போக வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்குப் போட்டால் 900 மணி நேரம் இருபத்திரண்டு வாரத்துக்கு மேல் வரும். எனக்கு விற்கப்பட்ட பட்டத்தில் அந்த 'விரைவு' வந்து சேர்ந்திருந்தது. 900 மணி நேரம் வழியிலேயே இறங்கிவிட்டது.

இன்னொரு வாதமும் உண்டு. சமூகப்பணிக் கல்வி தொடங்கியதே ஒரு குறுகிய வகுப்பில்தானே? உண்மைதான். மேரி ரிச்மண்ட் 1897இல் டொரோண்டோ மாநாட்டில் இந்த வேலைக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று பேசினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்காலப் பள்ளி தொடங்கியது. ஆனால் அந்தப் பள்ளி ஆறு வாரத்தோடு நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே முழு ஆண்டுப் படிப்பாக வளர்ந்தது. நல்ல மனசு மட்டும் போதாது, நல்ல மனசோடு போனவர்களும் ஏழைகள் வீட்டில் கேடு செய்திருக்கிறார்கள் என்ற அனுபவம்தான் இந்தத் துறையையே உருவாக்கியது. நூறு ஆண்டுக்கு முன் அவர்கள் விட்டு வந்த இடத்துக்கு நாம் கட்டணம் கட்டிப் போகிறோம்.

மலேசியாவில் இந்தத் துறை புதிதும் இல்லை. பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் 1975இலேயே இதைக் கற்பிக்கத் தொடங்கியது. சமூகப் பணியாளர்களுக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்ற யோசனைக்கு அமைச்சரவை 2010இல் ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அது வரைவாகவே சுற்றியது. மருத்துவர் என்று நான் பலகை மாட்டினால் பிடித்து உள்ளே போடுவார்கள். சமூகப் பணியாளர் என்று அட்டை அடித்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்த என்னை ஒருவரும் தடுக்கவில்லை. காவல் இல்லாத வாசலில் காகிதம்தான் காவல்காரன். அதனால்தான் காகிதத்துக்கு இவ்வளவு கிராக்கி.

நம் தமிழ் இயக்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் பகுதியில் ஓர் அக்கா இருபது வருடமாகச் சமூக நல இலாகாவுக்கும் பதிவிலாகாவுக்கும் ஆட்களை அழைத்துப்போகிறார். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்த முகப்பில் எந்தப் பாரம், எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் எஸ்.பி.எம் தாண்டவில்லை. நான் பட்டம் வாங்கியதும் என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். அவர் பின்னால் சாப்பாட்டுப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் எழுந்து போகவில்லை. மாலையை வாங்கிக்கொண்டேன். எனக்குக் களப்பயிற்சி தரத் தகுதியானவர் பத்தடி தூரத்தில் இருந்தார். ஒரு நாள்கூட அவர் பின்னால் போனதில்லை.

இயங்கலைக் கல்வி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜொகூரில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண்ணிடம், பினாங்குக்குப் போய் முழுநேரம் படி என்று சொல்வது திமிர். அவளுக்கு அந்தத் திரை ஒரு கதவு. கோட்பாட்டைத் திரையில் படிக்கட்டும், வேகமாகவே படிக்கட்டும். ஆனால் கதவைத் திறந்து விடுகிறவர்கள் அவளை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். கள மேற்பார்வைக்கு ஆள் வைத்தால் செலவு. மேற்பார்வையாளருக்குச் சம்பளம் தர வேண்டும், மருத்துவமனையோடும் காப்பகத்தோடும் பேச வேண்டும். நான் படித்த பட்டத்தில் வெட்டப்பட்டது அந்தச் செலவுதான். அதை என் வசதிக்காக என்று சொல்லி என்னிடமே விற்றார்கள்.

தம்பி, சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம் களத்தில் நிற்க வேண்டும்? அங்கே எனக்கு மேற்பார்வையாளர் யார், அவர் இந்த வேலையை எத்தனை வருடம் செய்தவர்? நான் தப்புச் செய்தால், அது ஒரு வீட்டைத் தொடுவதற்கு முன் யார் என்னைப் பிடித்து நிறுத்துவார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் அந்தப் பணத்தைச் சேமநிதியிலேயே விட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலையில் அந்த அக்கா பதிவிலாகாவுக்குப் போகிறார். நானும் இப்போது அவரோடு போகிறேன், பையைத் தூக்கிக்கொண்டு. காரில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது.