டோடோ மரம் சாகவில்லை

சுற்றுச்சூழல் கூட்டம் எதுவானாலும் அந்தக் கதை வந்துவிடுகிறது. மொரீசியஸ் தீவில் டோடோ என்றொரு பறவை இருந்தது. மாலுமிகள் அதை அடித்துத் தின்றே தீர்த்தார்கள். அன்றோடு அந்தத் தீவின் கல்வாரியா மரமும் முளைப்பதை நிறுத்திவிட்டது, ஏனென்றால் அதன் விதை டோடோவின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் முளைக்கும். இன்று மிஞ்சியிருப்பவை பதின்மூன்றே கிழட்டு மரங்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் மரமும் பூண்டோடு போயிற்று என்றே முடிக்கிறார்கள். பேச்சுப் போட்டி, பள்ளி விழா மேடை, வாட்ஸ்அப், மரம் நடுவோர் கூட்டம் என எங்கும் இதைக் கேட்கலாம். கேட்கிறவர்கள் கண் கலங்குவதும் உண்டு.

இந்தக் கதை தவறு. காட்டின் மீது அக்கறை உள்ளவர்கள்தான் இதை முதலில் கைவிட வேண்டும்.

கதை பிறந்த இடம் தெரிந்ததுதான். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மொரீசியஸ்காரர்கள் தம்பலகோக் என்று அழைக்கும் அந்த மரத்தில் பதின்மூன்றுதான் மிச்சம், எல்லாமே 300 வயதைத் தாண்டியவை என்றார். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளைப் பிடித்து 17 விதைகளை வலுக்கட்டாயமாக ஊட்டினார். ஏழு விதைகள் வான்கோழியின் அரைவைப்பையிலேயே நொறுங்கின. பத்து முழுதாகக் கிடைத்தன. அவற்றை ஊன்றியதில் மூன்று முளைத்தன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு முளைத்த முதல் தம்பலகோக் கன்றுகள் இவையாக இருக்கலாம் என்று எழுதினார். மூன்று கன்றுகளை வைத்துக்கொண்டு உலகம் ஒரு காவியமே கட்டிவிட்டது.

வான்கோழி தின்னாத விதைகளையும் பக்கத்துப் பாத்தியில் ஊன்றிப் பார்த்தாரா? இல்லை. எட்டாம் வகுப்பு மாணவன் அறிவியல் கண்காட்சிக்கு அவரை விதை முளைக்க வைத்தாலும், ஒன்றை ஊறவைத்து ஒன்றை ஊறவைக்காமல் வைத்துத்தான் ஒப்பிட்டுக் காட்டுவான். அந்த ஒப்பீடு இல்லாதபோது, விதை வான்கோழியால் முளைத்ததா, வான்கோழியையும் தாங்கிக்கொண்டு முளைத்ததா என்று யார் சொல்ல முடியும்?

பதில் அதற்கு முன்பே அச்சில் இருந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஆர்தர் ஹில் 1941இல் இந்த இனத்தின் விதைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். விதையைச் சுற்றியிருக்கும் ஓடு உண்மையிலேயே கல்போன்றது. அதன் தடிப்பு 15 மில்லிமீட்டர் வரை போகும். ஆனால் அந்த ஓட்டைச் சுற்றி ஒரு கோடு ஓடுகிறது. ஈரம் உள்ளே இறங்கி விதை பருக்கும்போது அந்தக் கோட்டில் ஓடு பிளந்து, மேல்பகுதி மூடி கழன்றதுபோல் தனியே வந்துவிடுகிறது. யாரும் தேய்க்க வேண்டாம், எந்தப் பறவையும் விழுங்க வேண்டாம். தனக்கான வாசலை அந்த விதை தானே வைத்திருக்கிறது. கேட்டுக் கண் கலங்குவதற்கு என்னைப் பொறுத்தவரை இது போதும்.

1979இல் மொரீசியஸ் வனத்துறையின் ஓவாடல்லி அதே ‘சயின்ஸ்’ இதழில் மறுப்பு எழுதினார். நூறு வயதுகூட ஆகாத மரங்கள் தங்கள் காட்டில் நிற்கின்றன, நாற்றங்காலில் வான்கோழியின் தயவில்லாமலேயே விதைகளை முளைக்க வைத்திருக்கிறோம் என்று விளக்கினார். அந்த மரத்தில் ஆண்டு வளையங்கள் கிடையாது என்பதால் முந்நூறு வயது என்ற கணக்குக்கும் அடிப்படை இல்லை. பதின்மூன்று என்ற எண்ணும் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கில் மரங்கள் இருப்பது பிறகு தெரிந்தது. உள்ளூர் வனத்துறைக்காரர் தம் காட்டைப் பார்த்து எழுதிய மறுப்பு ஒரு மேடையிலும் ஒலிக்கவில்லை.

டெம்பிள் மீது எனக்குக் கோபமில்லை. அழியும் நிலையிலிருந்த மொரீசியஸ் கெஸ்ட்ரல் வல்லூறைக் காக்க முதலில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். டோடோ அந்தப் பழத்தைத் தின்றிருக்கவும் கூடும்; நிலத்தில் வாழ்ந்த பேராமைகளும் பெரிய அலகுக் கிளியும்கூடத் தின்றிருக்கலாம். ‘அது இல்லாமல் முளைக்காது’ என்ற ஒற்றை வாக்கியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஏனென்றால் தம்பலகோக்குக்கு உண்மையாகவே ஆபத்து இருக்கிறது, அது வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தீவில் 1598இல் டச்சுக்காரர்கள் இறங்கினார்கள். டோடோவைக் கடைசியாகப் பார்த்ததாக நம்பத்தக்க குறிப்பு 1662ஆம் ஆண்டினது. அதற்குள் எலி, பன்றி, மான், தென்கிழக்காசியாவின் நீள்வால் குரங்கு எல்லாம் கரையேறிவிட்டன. டோடோவையே பெரும்பாலும் தீர்த்தவை தரையில் கிடந்த அதன் முட்டையைத் தின்ற இந்த விலங்குகள்தான். மாலுமியின் அடுப்பு அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். பிறகு கரும்பு வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். 1834க்குப் பிறகு அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு; இன்றைக்கும் பணத்தாளில் தமிழெழுத்து அச்சாகும் நாடு அது. நல்ல நிலையிலுள்ள இயற்கைக் காடு இப்போது அந்தத் தீவின் பரப்பில் இரண்டு விழுக்காடுகூட இல்லை.

அந்த இரண்டு விழுக்காட்டையும் விட்டுவைக்கவில்லை. பிரேசிலிலிருந்து வந்த ஸ்ட்ராபெரி கொய்யா, கால் வைக்க இடமில்லாமல் அடர்ந்து மண்டுகிறது. அதன் கீழே எந்தக் கன்று எழும்? மேலே குரங்குகள் தம்பலகோக்கின் காயைப் பழுக்க விடாமல் பறித்துக் கடித்து எறிகின்றன. மொரீசியஸ் காடுகளை ஆராயும் கிளாடியா பைடரும் வின்சென்ட் ஃப்ளோரன்ஸும் 2006இல் இதே கேள்வியை எடுத்தார்கள்: மரம் குறைவது பழைய தோழன் போனதாலா, புதிய ஆக்கிரமிப்பாளர்கள் வந்ததாலா? சான்றுகள் ஆக்கிரமிப்பாளர்களைத்தான் காட்டின.

இங்கேதான் நம் மேடைக் கதை தீங்கு செய்கிறது. குற்றவாளி செத்துப்போன மாலுமி, உதவியவன் செத்துப்போன பறவை என்றால், இன்று உயிரோடு இருப்பவருக்கு என்ன வேலை மிச்சம்? ஒன்றுமில்லை. அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கொய்யாவும் குரங்கும்தான் காரணம் என்றால் வேலை இருக்கிறது. வேலி போட வேண்டும், கொய்யாவை வேரோடு பிடுங்க வேண்டும், மறுபடி முளைத்ததை மறுபடியும் பிடுங்க வேண்டும். பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவில் வேலியடைத்துக் களையெடுத்துக் காக்கும் காட்டுத் துண்டுகள் உள்ளன. முதுகு ஒடியச் செய்யும் வேலை அது. அதைச் செய்கிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாத கதையைத்தான் நாம் காடு காக்கும் கதை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று என்னை அதிகம் வருத்துகிறது. அந்தத் தீவில் பழம் தின்று விதை பரப்பும் பெரிய உயிர் ஒன்று இன்னும் பிழைத்திருக்கிறது: மொரீசியஸ் பழந்தின்னி வௌவால். லிச்சியையும் மாம்பழத்தையும் தின்கிறது என்று 2015இல் அரசு ஏற்பாட்டிலேயே 30,000க்கும் மேற்பட்ட வௌவால்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அடுத்த ஆண்டும் சுட்டார்கள். 2018இல் அது அழிவாபத்திலுள்ள இனமாக உலகப் பட்டியலில் ஏறியது. விவசாயியின் நட்டம் மெய்தான். அதற்கு மரத்துக்கு வலை போர்த்தும் வழி இருக்கிறது. டோடோவுக்காக உலகமே நெஞ்சிலடித்துக் கொள்ளும்போது, அதன் வேலையைச் செய்துகொண்டிருந்த உயிர் துப்பாக்கிக்கு இரையானது. எத்தனை தமிழ் மேடைகளில் இந்தச் செய்தி பேசப்பட்டது?

‘நோக்கம் நல்லதுதானே, உயிர்களின் தொடர்பைக் குழந்தைகளுக்குப் புரியவைக்கத்தானே சொல்கிறோம்’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தத் தொடர்பைக் காட்ட மெய்யான சான்றே இருக்கும்போது பொய் எதற்கு? மொரீசியஸின் கரையோரம் இல் ஓ ஜெக்ரெட் என்று 26 ஹெக்டேர் அளவில் ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அங்குள்ள கருங்காலி இனம் ஒன்று, விதையைத் தூக்கிச் செல்ல ஆளின்றித் தாய்மரத்தடியிலேயே தேங்கி நின்றது. பழைய பேராமைகள் அழிந்ததால் 2000இல் அல்டாப்ராத் தீவின் பேராமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமைகள் பழத்தைத் தின்று நடந்தன. மரமே இல்லாத இடங்களில் கருங்காலிக் கன்றுகள் எழுந்தன. ஆமை வயிற்றில் போய்வந்த விதை நன்றாக முளைப்பதை, போகாத விதைகளோடு ஒப்பிட்டே 2011இல் வெளியிட்டார்கள். டெம்பிள் செய்யத் தவறிய அதே ஒப்பீடு.

சான்று தேடி மொரீசியஸ் வரைக்கும் போக வேண்டியதுகூட இல்லை. தம்பலகோக் நம் இலுப்பை, மகிழம், பாலை மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலுப்பையின் பழத்தை இரவில் கவ்விக்கொண்டு போய் வேறிடத்தில் விதையைப் போடுவது பழந்தின்னி வௌவால். அந்த வௌவாலைத்தான் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தொல்லை தரும் உயிராகப் பல்லாண்டுகள் வைத்திருந்தது. நிபா, கொரோனா என்று பேச்சு வந்தாலே அது தங்கும் ஆலமரத்தை வெட்டு, புகை போட்டு விரட்டு என்று இன்றும் குரல் எழுகிறது. அடுத்த பேச்சுப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஆசிரியர்கள் டோடோவை விட்டுவிட்டு இந்த வௌவாலை எழுதிக் கொடுக்கட்டும். ஆனி ஆடியில் இலுப்பை பழுக்கும்போது கூட்டிப்போய்க் காட்டினால், அது போட்டுவிட்டுப் போன விதைகளை மாணவர்களே பொறுக்கி எண்ணலாம். பாதியைச் சதையோடும் பாதியைச் சதையில்லாமலும் ஊன்றி எது முளைக்கிறது என்று பார்க்கலாம்.