கண் ரயிலில், விரல் குமிழில்
மாதிரி ரயில் ஓட்டுபவரின் பார்வை ரயில் மேல்தான் இருக்கும். கையிலுள்ள ரிமோட்டைக் குனிந்து பார்க்க வைத்தாலே அந்த வடிவமைப்பு தோற்றுவிட்டது என்பேன். தொடுதிரைச் செயலிகள் எனக்கு ஒட்டாததும் இதனால்தான்: வழுவழு கண்ணாடியில் விரலுக்கு ஏது அடையாளம்? குமிழ் வேண்டும். ஆனால் எந்தக் குமிழ்? டிசிசி எனும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனி முகவரியில் ஓட்டலாம்; வேகத்துக்கு 128 படிகள் வரை உண்டு. இரு முனையிலும் முட்டி நிற்கும் சாதாரணக் குமிழை வைத்து ஒரு எஞ்சினைப் பாதி வேகத்தில் விட்டுவிட்டு, நின்றிருக்கும் இன்னொன்றுக்கு மாறிப் பாருங்கள். குமிழ் 'பாதி' என்கிறது, எஞ்சின் 'பூஜ்யம்' என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? முடிவின்றிச் சுழலும் குமிழான என்கோடருக்கு இந்தச் சண்டை இல்லை. எஞ்சின் இருக்கும் வேகத்திலிருந்தே கூட்டும், குறைக்கும். என்ன, பூஜ்யம் எங்கே என்பது விரலுக்குத் தெரியாது. எனவே அழுத்தினால் ரயில் நிற்கும் என்கோடருக்கே என் ஓட்டு. விளக்கு, ஊதல், புகை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான் கேட்பவர்கள் கேட்கட்டும். அவசர நிறுத்தப் பொத்தான் மட்டும் இருட்டிலும் கட்டைவிரலுக்குத் தட்டுப்பட வேண்டும், சட்டைப்பையில் தானாக அமுங்கவும் கூடாது.